யோருன் அக்கா உயர்த்தாத கை

யோருன் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவருடைய தோட்டத்துக்குத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் ஹோர்ஸ்ட் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "பெனடிக்ற், முடிந்தது" என்றார். கப்பல் எந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். எந்திரம் நின்றதைச் சொல்வது போலத்தான் சொன்னார். தக்காளிப் பாத்தி நிரம்பி வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

அன்று காலையில் ஊரிலிருந்து என் கூடப்பிறந்த அன்ரன் அண்ணையும் அழைத்திருந்தார். "தம்பி, கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இன்னும் என்னத்தை யோசிக்கிறாய்? அந்த அக்காவே சொல்லிப்போட்டாவெல்லே" என்றார். அந்த அக்கா வேறு யாருமல்ல, இவர்தான். ஐஸ்லாந்தில் அமைச்சராக இருந்த ஒரு பெண்மணியின் வார்த்தையை வைத்து யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு கரை கைமாறப் பார்க்கிறது. இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜேர்மன் துறைமுக நகரமான இந்தப் பிரேமர்ஹாஃபனில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் தமிழர் ஒன்றியத்தின் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தியபோது, "இது சூடாக இருக்கிறதே, எங்கள் நாட்டுக்கு நல்லது" என்று சொல்லிச் சிரித்த அந்த உயரமான மனுசி அவர்தான். சனிக்கிழமைச் சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடிப்பவரும் அவர்தான். அவர் ஒரு நாட்டின் சட்டத்தை எழுதிய கைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது அவர் பதவியில் இருந்தார். நான் மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு ஐஸ்லாந்தின் மீன்பிடி அமைச்சர் வருகிறார் என்று எங்கள் மேலாளர் ஒரு கிழமையாகத் தூங்கவில்லை. வந்தவர் வெள்ளைக் கோட்டும் தலைவலையும் போட்டுக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்று, "எனக்கும் ஒரு கத்தி தா" என்றார். நான் வளர்ந்த நாட்டில் அமைச்சர் கத்தி கேட்டால் நாங்கள் ஓடியிருப்போம். இங்கே என் கத்தியையே கொடுத்தேன். சிவப்பு மீன் ஒன்றை எடுத்து இரண்டு இழுவையில் சதையைப் பிரித்துப் போட்டுவிட்டு, என் தட்டைப் பார்த்தார். "முதுகுப் பக்கம் சதையை விடுகிறாய்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள் நாட்டு மீன்தானே அம்மா, அதன் முள்ளை நீங்கள் அல்லவா ஒழுங்காக வைத்து அனுப்பியிருக்க வேண்டும்" என்றேன். மேலாளரின் முகம் வெளிறிப்போனது. அமைச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் கதைத்தது எல்லாம் ஜேர்மன் மொழியில். அவருடையதும் இரவல் மொழி, என்னுடையதும் இரவல் மொழி. அதனால் ஒருவர் பிழையை மற்றவர் கண்டுகொள்ளவில்லை. இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது: "முதுகுச் சதையை இன்னும் விடுகிறாயா?" திரும்பிப் பார்த்தால் அவர். கூட யாரும் இல்லை. துணிப்பை ஒன்றும் அதற்குள் இரண்டு லீக்ஸ் தண்டும் மட்டும். அரசியலை விட்டுவிட்டார். இந்த ஊர்க்காரரான ஹோர்ஸ்டைப் பிந்திய வயதில் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குடிவந்துவிட்டார். நகரத்தின் ஓரத்தில் எங்களுக்கு இருந்த சிறு தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்ததும் தற்செயலில்லை. "நீ வாய் காட்டுகிறவன். எனக்குப் பக்கத்தில் அப்படி ஒருவன் வேண்டும்" என்றார்.

அவரை எப்படி அழைப்பது என்பதில் வீட்டில் பெரும் பிரச்சினை. ஐஸ்லாந்தில் பிரதமரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். தொலைபேசிப் புத்தகத்திலும் முதற்பெயரில்தான் தேட வேண்டுமாம். என் மனைவி றீற்றாவுக்கு அது சரிவரவில்லை. "மந்திரியா இருந்த மனுசி, வயசுக்கும் மூத்தவ. பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ர நாக்கு அழுகிப்போடும்" என்றாள். கடைசியில் அக்கா என்று முடிவானது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோருன் கேட்டார். மூத்த சகோதரி என்றேன். கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இனி அந்தக் கருவாட்டு வழக்கு. தோட்டக் குடிலின் பின்பக்கம் றீற்றா கருவாடு காயவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் யோருன் அக்கா தன் நாட்டு முறையில் கொட் மீனைத் தொங்கவிட்டுக் காயவைப்பார். அது கல்லுப் போல ஆனதும் சுத்தியலால் அடித்து, வெண்ணெய் பூசித் தின்பார். றீற்றா அதை ஒருமுறை வாயில் போட்டுவிட்டு, "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, பாவங்கள்" என்றாள். ஆனால் இரண்டு வீட்டு நாற்றமும் காற்றில் ஒன்றாகத்தான் போனது. அங்குள்ள எல்லாத் தோட்டங்களையும் பார்த்துக்கொள்ளும் தோட்டச் சங்கத்துக்கு முறைப்பாடு வந்தது. கூட்டத்தில் தலைவர் "வெளிநாட்டு மீன் நாற்றம்" என்று தொடங்கும்போதே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்குமுன் யோருன் அக்கா எழுந்து, "அது என் மீன்" என்றார்.

அங்கே ஒரு பழைய கப்டன் இருந்தார். ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை விரித்து மற்ற நாட்டு இழுவைக் கப்பல்களை வெளியேற்றியபோது வேலை போனவர்களில் ஒருவர். "முதலில் எங்கள் மீனை எடுத்தீர்கள். இப்போது அதை எங்கள் மூக்கில் காயப்போடுகிறீர்கள்" என்றார். ஒவ்வொரு கோடையிலும் யோருன் அக்கா அவருடைய வாசலில் ஒரு போத்தல் ஜாம் வைத்துவிட்டு வருவாரே தவிர, கடலைப் பற்றி அவரோடு வாதாடி நான் கண்டதில்லை.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மீன் காயவிடுவதைத் தடை செய்ய வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தினார்கள். பிறகு தடை கூடாது என்ற நாங்கள் உயர்த்தினோம். ஒரே ஒரு கையால் தோற்றோம். அந்த ஒரு கை யோருன் அக்காவுடையது. அது அவர் மடியில் கிடந்தது, மற்றக் கையால் மூடியபடி.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க விருப்பமில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கத்தினேன். "உங்கள் சொந்த மீனுக்குக்கூட உங்கள் கை எழும்பாதா? பாராளுமன்றத்தில் என்ன செய்தீர்கள், கும்பிட்டுக்கொண்டா இருந்தீர்கள்?" அவர் குடிலைத் திறந்து, எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அன்றைக்குத்தான் அவருடைய அரசியல் வாழ்க்கையை அவர் வாயால் கேட்டேன்.

மேற்குக் கரையில், மலைக்கும் குடாவுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மீன்பிடி ஊர் அவருடையது. தாய் மீன் வெட்டும் மண்டபத்தில் மேசையில் நின்றவர். தங்கை ஸ்வாவாவும் பள்ளிக்கூடம் முடிந்ததும் அதே மேசைக்குப் போனார். மூத்தவர் மட்டும் படிக்கப் போனார், ஆசிரியையாகத் திரும்பினார், ஊர்ச் சபைக்கும் பிறகு பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். அப்போது மீன் குறைந்துகொண்டு போனது. ஆளுக்காள் பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று, ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவு என்று கடலில் பங்கு பிரித்தார்கள். அதில் அவருக்குக் கடைசி வரை மறுப்பிருக்கவில்லை. பிறகுதான் அந்தப் பங்கை விற்கலாமா என்ற கேள்வி வந்தது.

"தோட்டக்காரன் தோட்டத்தை விற்கிறான், மீனவன் ஏன் விற்கக்கூடாது என்று கேட்டார்கள். நல்ல கேள்வியாகத்தான் இருந்தது. அந்த நாளில் நாங்கள் கை உயர்த்தித்தான் வாக்களிப்போம். நானும் உயர்த்தினேன்" என்றார்.

சில ஆண்டுகளில் அவரே மீன்பிடி அமைச்சரானார். சிற்றூர்களிலிருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. அவர் ஊர் ஊராகப் போய் அந்தச் சட்டத்தை விளக்கினார். நன்றாக விளக்குவார் என்ற பெயரும் இருந்தது. அப்போது அவருடைய சொந்த ஊரின் பெரிய படகுக்காரர், முழங்கால் வலியும் தலைநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உள்ள ஒரு மனிதர், தன் பங்கை வேறு ஊர்க் கொம்பனி ஒன்றுக்கு விற்றார். விற்றதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. படகு போனது. வெட்டுவதற்கு மீன் வரவில்லை. மண்டபம் பூட்டப்பட்டது. பிறகு பள்ளிக்கூடம், கடை. ஸ்வாவா மேசையில் நின்று உழைத்துக் கட்டிய வீட்டை வாங்க ஆளில்லை. அன்றைக்குப் பிறகு அவர் அக்காவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"படகுக்குப் பங்கு கொடுத்தோம். மேசைக்குக் கொடுக்கவில்லை. நான் மேசையில் வளர்ந்தவள், பெனடிக்ற். எனக்கே அது தோன்றவில்லை."

நான், இப்போது ஆறுதல் சொல்ல வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு, "அதற்காகப் பதவியை விட்டீர்களா?" என்று கேட்டேன்.

"விடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையே! மீன் பெருகியது. நாடு பணக்கார நாடானது. வெளிநாட்டிலிருந்து வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். அது வெற்றி பெற்ற சட்டம். அதுதான் என் சிக்கல். தோற்ற சட்டமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அரசியலை விட்ட பிறகு எந்த வாக்குக்கும் இந்தக் கை எழும்பவில்லை."

நான் சும்மா இருக்கத் தெரியாதவன். "எல்லாம் சரி அக்கா. உங்கள் நாட்டுக் கணக்குக்கு என் மனைவியின் கருவாட்டை ஏன் பலி கொடுத்தீர்கள்?" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் கை உயர்த்தச் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுசியைத்தான் நம்முடைய ஒன்றியம் ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். நம்மில் பாதிப்பேர் கரையோரத்து ஆட்கள். இந்தியாவின் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதை ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வயிறெரிகிறவர்கள். அந்நிய இழுவைக் கப்பல்களை விரட்டிய நாட்டின் மீன்பிடி அமைச்சர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்றால் விடுவோமா? தலைவர் குலம் அண்ணை வரவேற்புரையில் "கடலைக் காத்த வீரமங்கை" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினோம். மாலை அவர் காதை மறைத்தது.

அவர் எழுந்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். "கப்பல்களை விரட்டியபோது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்" என்று தொடங்கினார். சிரிப்பு எழுந்தது. "விரட்டியது சரி. ஆனால் விரட்டின பிறகு, இந்தக் கடல் இனி யாருடையது என்று ஒரு கேள்வி வரும். அதற்கு நாங்கள் பிழையான பதில் சொன்னோம். அந்நியன் அழிக்காத என் ஊரை நாங்களே அழித்தோம்" என்றார். குலம் அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, உதை மொழிபெயர்க்காதை. சனம் விழாவுக்கு வந்திருக்கு" என்று காதுக்குள் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கைதட்டல் வரவில்லை. பிறகு பிள்ளைகளின் நடனம் தொடங்கியதும் எல்லோரும் பழையபடி ஆனார்கள்.

ஆனால் ஒருவர் அந்தப் பேச்சை முழுக்கக் கேட்டிருந்தார். விழாவை முகநூலில் நேரலையாகப் போட்டிருந்தோம் அல்லவா? ஊரில் அன்ரன் அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் குடும்ப விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தகப்பன், அப்பு, கரைவலைச் சம்மாட்டி; வலையும் தோணியும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் நடத்தியவர். கரைவலைக்குப் 'பாடு' உண்டு. இந்தத் துண்டுக் கரையில் வலை வளைப்பது இந்தக் குடும்பத்தின் உரிமை என்று தலைமுறையாக வருவது. அப்புவின் பாடும், அதை ஒட்டி மீன் குடில்கள் போடும் வாடிக் காணியும் அண்ணைக்கும் எனக்கும் பொதுவாக வந்தன. வலையையும் தோணியையும் அண்ணை பார்த்தார். நான் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி அகதியாகி, பிறகு இந்த ஊர்க்காரனாகிவிட்டேன். வலையை இழுப்பது பக்கத்துக் குடிசைகளில் இருக்கிற சனம். கரையில் மீனைத் தெரிந்து பிரிப்பதும் அந்த வீட்டுப் பெண்கள்தான். விழுகிற மீனில் அவர்களுக்குக் கூலிப் பங்கு உண்டு. பாடு என்ற உரிமையில் பங்கு இல்லை.

அந்தக் கரையை இறால் பண்ணை போடுவதற்கு ஒரு கொம்பனி கேட்கிறது. அண்ணைக்கு விற்க விருப்பம். என் பங்கையும் விற்க அண்ணைக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவப் பத்திரத்தில் நான் கையெழுத்து வைத்து அனுப்பினால் வேலை முடிந்தது. அனுப்பாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணை ஏசுவார். "உனக்கென்ன, ஜேர்மனியிலை இருந்துகொண்டு நீ கடலைக் காப்பாத்துவாய். எனக்கு முழங்கால் ஏலாது. என்ர பெடியங்கள் கனடாவிலை. ஆர் இனி வலை வளைக்கிறது?" அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

விழா முடிந்த மறுநாள், "அந்த அக்காவோடை ஒருக்காக் கதைக்க வேணும்" என்றார் அண்ணை. யோருன் அக்கா முதலில் மாட்டேன் என்றார். "நான் ஒருமுறை மற்றவர்களுக்காக யோசித்தேன். போதும்" என்றார். நான் கெஞ்சிக் கூட்டிவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். கைபேசித் திரையில் அண்ணை சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, ஏதோ நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் போல இருந்தார்.

"அக்கா, நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. உங்கட ஊரிலை பங்கை வித்த அந்த மனுசன் பிழை விட்டவரோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

யோருன் அக்கா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லை. விற்றவர்கள் பிழை செய்யவில்லை. அவர்களுக்கும் முழங்கால் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். விற்கலாம் என்று கை உயர்த்திய நாங்கள்தான் பிழை செய்தோம்."

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். முதல் வசனத்துக்கே அண்ணை தலையாட்டத் தொடங்கிவிட்டார். திரையில் அவர் முகம் எவ்வளவு இளகியது என்று யோருன் அக்காவும் பார்த்தார். அழைப்பு முடிந்ததும், "உன் அண்ணன் பாதியைத்தான் கேட்டார்" என்றார். றீற்றா தேநீர் கொண்டுவந்தாள். அவர் குடிக்காமல் எழுந்து போனார்.

அதன் பிறகு அவருக்கு இருந்த வருத்தம், புற்றுநோய், கூடிவிட்டது. ஈரலில் தொடங்கியது எங்கெல்லாமோ பரவியிருந்தது. நான் வேலை முடிந்து மீன் மணத்தோடேயே மருத்துவமனைக்குப் போவேன். தாதி முகத்தைச் சுளிப்பாள். அவர், "விடு, எனக்கு அது பூ மணம்" என்பார். ஒருநாள் கேட்டார், "உன் அண்ணன் என்ன முடிவு செய்தார்?" பொய் சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற மனுசிக்குப் பொய் சொல்வதும் ஒரு மரியாதைதான். ஆனால் அவரிடம் எனக்கு அது வராது. "விற்கப் போகிறாராம். நீங்கள் பிழையில்லை என்று சொன்னீர்களாம். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் கையெழுத்து வைப்பதுதான் பாக்கி" என்றேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படியானால் இது இரண்டாவது ஊர்" என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். அது உங்கள் பொறுப்பில்லை, அண்ணை உங்களைச் சாட்டுக்கு எடுக்கிறார், நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றெல்லாம் சொன்னேன். "நான் என்ன செய்யட்டும், அக்கா, நீங்களே சொல்லுங்கள்" என்று கடைசியில் அழாக்குறையாகக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சொல்லவில்லை. அந்தக் கை கடைசி வரைக்கும் உயரவில்லை. கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சில நாட்களில் ஹோர்ஸ்டின் அழைப்பு வந்துவிட்டது.

அடக்க ஆராதனைக்கு நம்மவர்கள் பலர் வந்திருந்தீர்கள். குலம் அண்ணை அந்தப் பொன்னாடையைப் போலவே இன்னொன்று கொண்டுவந்து பெட்டியின் மேல் விரித்தார். பழைய கப்டனும் வந்து பின்வரிசையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஹோர்ஸ்டுக்குப் பக்கத்தில், யோருன் அக்காவின் அதே உயரத்தில், அதே மூக்கோடு ஒரு வயதான பெண் இருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர்தான் ஸ்வாவா.

ஆராதனை முடிந்து இந்த ஊர் வழக்கப்படி கோப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுத்தார்கள். ஸ்வாவா நேரே என்னிடம் வந்தார். ஹோர்ஸ்ட் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். "கை உயர்த்தச் சொல்லிக் கத்திய தமிழன் நீதானா?" என்று கேட்டார்.

எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது. பேச்சுவார்த்தை இல்லை என்றல்லவா அறிந்திருந்தேன்? ஹோர்ஸ்ட்தான் விளக்கினார். ஒவ்வொரு ஞாயிறும் யோருன் தங்கைக்குத் தொலைபேசி எடுப்பாராம். ஸ்வாவா எடுத்துக் காதில் வைப்பாராம், ஒன்றும் சொல்லமாட்டாராம். யோருன் அந்தக் கிழமை நடந்ததை எல்லாம் தனியாகவே சொல்லிவிட்டு வைப்பாராம். தோட்டம், கருவாட்டு வழக்கு, றீற்றா, என் வாய், அண்ணையின் பாடு எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளும் ஒருவர் சொல்ல ஒருவர் பேசாமல் கேட்டிருக்கிறார்கள்.

நான் ஸ்வாவாவிடம் கேட்டேன்: "அந்தச் சட்டம் வேண்டாம் என்று நீங்கள் அப்போதே சொன்னீர்களா?"

அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சட்டத்துக்காக நான் அவளோடு கோபிக்கவில்லை. அவள் படகுக்காரர்களைக் கேட்டாள், வங்கியைக் கேட்டாள், பேராசிரியர்களைக் கேட்டாள். கை உயர்த்துவதற்கு முதல் வாரம் வீட்டுக்கு வந்து என்னோடு மீன் சூப்புக் குடித்தாள். மேசைக்கு வந்து எங்களை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், யாருக்குத் தெரியும், நாங்களும் சரி என்றுதான் சொல்லியிருப்போம். ஆனால் கேட்கவில்லை."

"அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றார் ஸ்வாவா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்தான்" என்றார். உடலைத் தகனம் செய்த பிறகு சாம்பலை அவர் ஊருக்குக் கொண்டு போகிறார். தான் விற்க முடியாத அந்த வீட்டின் பின்புறத்திலிருந்து பார்த்தால் தேவாலயத்து இடுகாடு தெரியுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்கு அழைத்தேன். அக்காவின் அடக்க ஆராதனை முடிந்தது என்று சொன்னேன். "ஆண்டவர் சமாதானத்தைக் குடுக்கட்டும். நல்ல மனுசி" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, அந்தக் கையெழுத்து..." என்றார்.

"அண்ணை, வலை இழுக்கிற சனத்திட்டைக் கேட்டனீங்களோ?"

"அவையளிட்டை என்னத்தைக் கேக்கிறது? பாடு எங்கடை."

"பாடு எங்கடைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனாலும் போய்க் கேளுங்கோ. இப்பிடி விக்கப் போறம், நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு கேளுங்கோ. கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ."

"நீ என்ன, மந்திரி மாதிரிக் கதைக்கிறாய்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போயிருக்கிறார். முழங்காலோடு மணலில் நடந்து, வலை கரையேறுகிற நேரத்தில் போய் நின்று கேட்டிருக்கிறார். நேற்றுப் பின்னேரம் அழைத்தார். குரலில் வழக்கமான ஏச்சு இல்லை.

"கேட்டனான்" என்றார்.

"என்ன சொன்னவை?"

"ஆம்பிளையள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. வலையை இழுத்துக்கொண்டு நிண்டவை. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. மீன் தெரிஞ்சுகொண்டிருந்த சிசிலியா அக்காதான் நிமிந்து பாத்தவ. அப்பு காலத்திலையிருந்து எங்கடை கரையிலை நிக்கிற மனுசியெல்லே."

"அவ என்ன சொன்னவ, அண்ணை?"

அண்ணைக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"'இப்பதான் கேக்கிறியளோ, தம்பி?' எண்டு கேட்டவ."

யோருன் அக்கா வீட்டில் மீன் வெட்டிய கத்தியை ஹோர்ஸ்ட் எனக்குத் தந்தார்; அதை றீற்றா எடுத்துக்கொண்டாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தோட்டச் சங்கக் கூட்டத்தில் மடியில் கிடந்த அந்தக் கை. அதைக் கோழைத்தனம் என்று அன்று கத்தினேன். இன்றைக்கும் அது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். உயர்த்தினால் பிழை, உயர்த்தாவிட்டாலும் பிழை என்று ஒரு இடம் வரும்போது, அதற்கு முதல் யாரைக் கேட்காமல் விட்டோம் என்று யோசிக்க மட்டும் அந்தக் கை என்னைப் பழக்கியிருக்கிறது. சிசிலியா அக்காவின் கேள்வியையும் அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பத்திரம் மேசையில் கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அண்ணையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.